மூச்சைப் பறித்த பிறகு ஊசி

மாதனூர் காலனியில் என் பெரியப்பா வீட்டில் போன மாதம் ஒரு பஞ்சாயத்து. பெரியப்பா 26 வருடம் தோல் ஷாப்பில் பஃபிங் மெஷினில் நின்றவர். இப்போது டீக்கடைக்கு நடப்பதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குகிறார். ஸ்டெம் செல் ஊசி போட்டால் நுரையீரல் புதிதாக வளரும் என்று ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து செல்போனுக்கு வீடியோ வந்திருக்கிறது. செலவு சில லட்சம். பெரியம்மா வீட்டுப் பட்டாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "நீதான் டாக்டருக்குப் படிக்கிறியேம்மா, போடலாமா?"

நான் படிப்பது முனைவர் பட்டத்துக்கு. ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்றேன். அதே வீடியோவை 'அறிவியல் அதிசயம்' என்று பகிர்ந்தவர்களில் நம் தோழர்களும் இருப்பதால் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

ஸ்டெம் செல் பொய்யல்ல. மாதனூரிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. பாகாயத்தில் ஸ்டெம் செல் ஆய்வு மையமே இருக்கிறது. ஆனால் ரத்த நோய்களில் நிரூபணமானது நுரையீரலில் நிரூபணமாகவில்லை. நரம்பு வழியே ஏற்றப்படும் மீசன்கைமல் செல்களில் பெரும்பாலானவை நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கி, சில நாட்களில் அழிந்துபோகின்றன. சிதைந்த காற்றறைகளை அவை திரும்பக் கட்டுவதில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் 62 பேரிடம் அமெரிக்காவில் நடந்த சோதனையின் முடிவு 2013-ல் வெளியானது. பெரிய ஆபத்து இல்லை. மூச்சுத் திறனும் கூடவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது: ஏற்கப்பட்ட ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றவை எல்லாம் ஆய்வு நிலையில்தான் உள்ளன, அவற்றைச் சிகிச்சை என்று விற்கக் கூடாது. ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. காசு வாங்கினால் அது வியாபாரம்.

இது பாதி பதில்தான். கெட்ட நுரையீரலை எப்படிச் சரிசெய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். யாருடைய நுரையீரல் கெடுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

பச்சைத் தோலைச் சுமப்பவர், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குபவர், விஷவாயு தேங்கிய கழிவுத் தொட்டியைக் கழுவுபவர் யார் என்று எங்கள் காலனியில் கேட்டால் வீடு வீடாகக் காட்டுவார்கள். செத்த மாட்டின் தோலைத் தொடுவது ஈன வேலை என்று நம்மிடம் தள்ளியது சாதி. அதே தோல் பளபளப்பாகி ஏற்றுமதியானபோது லாபம் மட்டும் தீட்டாகவில்லை.

1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் ஆலை வழக்கில், மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. முக்கியமான தீர்ப்பு, மறுக்கவில்லை. நிலத்துக்கும் கிணற்றுக்கும் இழப்பீடு கணக்கிடப்பட்டது. நிலமே இல்லாமல் ஷாப்புக்குள் தூசியில் நின்றவரின் நுரையீரல் அந்தக் கணக்கில் வரவில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் தோல் கழிவில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அது ஒரே இரவில் நடந்ததால் செய்தியானது. பெரியப்பாவுக்கு 26 வருடமாக நடந்ததால் செய்தியாகவில்லை.

குரோமியத்தால் வரும் நோய்களும் தொழில்சார் ஆஸ்துமாவும் இழப்பீட்டுக்குரியவை என்று சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் ஒப்பந்தக் கூலியான பெரியப்பாவிடம் இ.எஸ்.ஐ. அட்டை இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. வேலை செய்ததற்கு அவரிடம் இருக்கும் ஒரே சாட்சி அவருடைய இருமல்தான்.

அறிவியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் வர வேண்டிய அறிவியலைக் கேட்கிறேன். ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட எல்லோருக்கும் வருடம் ஒருமுறை ஊதுகுழாய்ச் சோதனை. தூசியை உறிஞ்சும் இயந்திரம். பெயர் எழுதிய பதிவேடு. இவற்றில் எதற்கும் ஸ்டெம் செல் தேவையில்லை. செலவு செய்ய மனமில்லை, அவ்வளவுதான். போவது நம் மூச்சு என்பதால்.

பெரியப்பாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். இன்ஹேலர் கொடுத்தார்கள். நுரையீரல் திரும்பாது, ஆனால் இரவில் தூங்குகிறார். பட்டா பெட்டிக்குள் திரும்பிவிட்டது. அவர் நின்ற பஃபிங் மெஷினில் இப்போது பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் நிற்கிறான். அவனுக்கு வயது 22. அவனுக்காக இப்போதே பேசாமல், இருபது வருடம் கழித்து ஊசியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.