அடுத்தது ஆர்?



வருசம் முடியிற நேரத்தில இளம் ஆக்களின் வட்ஸ்அப் குழுக்களில ஒரு விளையாட்டு ஓடும். ஆளுக்குப் பத்துப் பெயர் எழுதவேணும். வாற வருசம் சாகக்கூடிய பிரபலங்களின் பெயர்கள். நூறில இருந்து செத்தவரின் வயதைக் கழித்தால் வாறது உங்கட புள்ளி. 95 வயது முன்னாள் சனாதிபதிக்கு ஐந்துதான், 50 வயதுப் பாடகருக்கு ஐம்பது. ஆங்கிலத்தில 'டெட் பூல்' என்று சொல்லுவினம். எங்கட வயது ஆக்கள் எழுதும் பட்டியல்களில பாடகர்களை விட அரசியல்வாதிகள்தான் கூட. அதிலயும் ராஜபக்சக்கள் கட்டாயம் இருப்பினம்.

இப்படி விளையாடலாமோ என்று ஒழுக்கப் பாடம் எடுக்க இந்தத் தலையங்கம் எழுதப்படவில்லை. அதிகாரத்தில இருக்கிறவனின் சாவை நினைத்துச் சிரிப்பது, வேறு எதுவும் கையில் இல்லாதவனின் பழைய உரிமை. 2013 ஏப்ரல் 8 மார்கரெட் தாட்சர் செத்தபோது வட இங்கிலாந்தின் சுரங்கக் கிராமங்களில ஆக்கள் மதுக்கடைகளில கூடிக் கொண்டாடினார்கள். கோல்ட்தோர்ப் என்ற ஊரில கொடும்பாவி எரித்தார்கள். முப்பது வருசத்துக்கு முதல் வேலையையும் ஊரையும் இழந்தவர்களுக்கு "மரியாதையாக இருங்கோ" என்று சொல்ல எங்களுக்கு என்ன தகுதி? ஆனால் அடுத்த நாள் காலமை அந்தச் சுரங்கங்கள் திறக்கவில்லை. தாட்சர் போனார், தாட்சர் விற்ற எதுவும் திரும்பி வரவில்லை.

இந்த விளையாட்டுக்கு ஒரு வரலாறு இருக்கு. அதில எங்களைப்போல ஆக்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பார்க்கவேணும். 18ஆம் நூற்றாண்டு லண்டனில, முன்பின் தெரியாதவரின் உயிர் மீதுகூட ஆரும் காப்புறுதி வாங்கலாம். நோயில படுத்த பிரபுக்கள், வழக்கில மாட்டிய அரசியல்வாதிகள் எல்லாரின் சாவும் பந்தயப் பொருள். 1765இல் ஜெர்மன் பகுதிகளில இருந்து கிட்டத்தட்ட 800 அகதிகள் கொண்டுவரப்பட்டு, லண்டனின் ஓரத்தில உணவும் கூரையும் இல்லாமல் கைவிடப்பட்டார்கள். ஒரு கிழமைக்குள்ள அதில எத்தனை பேர் சாவினம் என்று நகரத்து வியாபாரிகள் பந்தயம் கட்டினார்கள். 1774இல்தான் பிரிட்டிஷ் பாராளுமன்றம், தனக்கு எந்தத் தொடர்பும் இல்லாத உயிர் மீது காப்புறுதி எடுப்பதைத் தடைசெய்தது.

1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில இரண்டு உயிர்காப்புப் படகுகளில மிதந்த 155 தமிழரையும், 2010இல் 'சன் சீ' கப்பலில வந்த 492 பேரையும் நினைத்துக்கொண்டு அந்த 1765ஐத் திரும்ப வாசியுங்கோ. பிரபலங்களின் சாவில தொடங்கிய பந்தயம் அகதிகளில வந்து நின்றது தற்செயல் அல்ல. உயிருக்கு விலை போடும் சந்தைக்கு மலிவான உயிர்தான் வசதி. 1990களில வோல்மார்ட், தன் சாதாரண ஊழியர் லட்சக்கணக்கானோர் மீது அவர்களுக்கே தெரியாமல் ஆயுள் காப்புறுதி எடுத்தது. ஊழியர் செத்தால் காசு குடும்பத்துக்கு இல்லை, கம்பனிக்கு. அந்தத் தொழிலில அதற்கு 'செத்த குடியானவர் காப்புறுதி' என்றே பெயர் இருந்தது. எங்கட பத்துப் பெயர்ப் பட்டியலில காசு இல்லை, உண்மைதான். ஆனால் சாவைப் புள்ளியாக எண்ணும் அந்தக் கணக்கு எங்கே இருந்து வந்தது என்று தெரிந்திருக்கவேணும்.

இனி முக்கியமான விசயத்துக்கு வருவம். நாங்கள் வெறுக்கிறவர்களின் சாவுக்காகக் காத்திருப்பது எங்களுக்கு என்ன தருது?

பினோசே 1998இல் லண்டனில கைதானார். 2000இல் சிலிக்குத் திரும்பினார். நூற்றுக்கணக்கான முறைப்பாடுகள் நிலுவையில் இருக்க, ஒரு தண்டனையும் இல்லாமல் 2006 டிசம்பர் 10 செத்தார். அன்று சர்வதேச மனித உரிமைகள் தினம். இடதுசாரிகளின் பட்டியல்களில பல வருசமாக இருந்த ஹென்றி கிசிஞ்சர் 2023 நவம்பர் 29, நூறு வயதில, தன் வீட்டில செத்தார். கம்போடியாவில விழுந்த குண்டுகளுக்காக ஒரு நாள்கூட எந்த நீதிமன்றத்திலயும் நிற்கவில்லை. அவரைப் பட்டியலில போட்டவருக்குப் புள்ளி பூச்சியம். கணக்கே அதைச் சொல்லுது.

தமிழ்நாட்டை எடுங்கோ. 2016 செப்டம்பர் 22 ஜெயலலிதா அப்பல்லோவில அனுமதிக்கப்பட்டார். அடுத்த 75 நாளும் உலகத் தமிழர் முழுப்பேரும் ஆடியது இந்த விளையாட்டைத்தான். இருக்கிறாவா, இல்லையா? வதந்தி பரப்பியதாக ஆக்கள் கைதானார்கள். டிசம்பர் 5 பின்னேரம் சில தொலைக்காட்சிகள் அவர் இறந்துவிட்டதாகச் சொல்ல, கட்சி அலுவலகத்தில கொடி இறங்கியது. மருத்துவமனை மறுக்க, கொடி திரும்ப ஏறியது. நள்ளிரவுக்குப் பிறகுதான் மரணம் அறிவிக்கப்பட்டது. இந்தச் சந்தடியில பலரும் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கு. 2017 பெப்ரவரி 14 சொத்துக் குவிப்பு வழக்கில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது சசிகலா சிறைக்குப் போனார். முதல் குற்றவாளியாக இருந்த ஜெயலலிதா மீதான வழக்கோ, அவர் இறந்துவிட்டதால் அற்றுப்போனது.

சட்டத்தில சாவு தண்டனை இல்லை. அது வழக்கை மூடும் திகதி. நாங்கள் வெற்றி என்று நினைத்துக் குறித்து வைக்கிற நாளில, எதிராளி கடைசியாகத் தப்பிப் போகிறார்.

எங்கட வழக்கிலயும் இதுதான் நடந்துகொண்டிருக்கு. மகிந்த ராஜபக்ச 1945இல் பிறந்தவர், கோட்டாபய 1949இல். 2023 சனவரியில கனடா இரண்டு பேர் மீதும் தடை விதித்தது, நல்லது. ஆனால் தடை விசாரணை ஆகாது. 2000 டிசம்பரில மிருசுவிலில் சிறுவர் உட்பட எட்டுப் பேரைக் கொன்றதற்காக 2015இல் மரண தண்டனை பெற்ற சுனில் ரத்நாயக்கவை, 2020 மார்ச்சில கோட்டாபய மன்னித்து வெளியில விட்டார். (மரண தண்டனையை நாங்கள் ஆதரிக்கவில்லை. தண்டனை முழுவதையும் துடைத்தெறிந்ததுதான் பிரச்சினை.) அரிதாகக் கிடைத்த ஒரு தீர்ப்புக்கே அந்தக் கதி என்றால், விசாரணையே தொடங்காத ஆக்கள் எத்தனை பேர்? அவர்கள் வயது முதிர்ந்து கட்டிலில சாவதற்காகக் காத்திருப்பதை நாங்கள் போராட்டம் என்று சொல்ல ஏலாது.

அவர்கள் மட்டும் வயதாகவில்லை. 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் வீதியோரத்தில இருந்தார்கள். சில நாளில வவுனியா, பிறகு முல்லைத்தீவு, திருகோணமலை. மகனை இராணுவத்திடம் கையால் ஒப்படைத்த தாய்மார் அதில இருக்கினம். அன்றிலிருந்து இன்றுவரை, பிள்ளை என்ன ஆனான் என்று தெரியாமலே நூற்றுக்கும் மேற்பட்ட பெற்றோர் இறந்துபோனார்கள். ஒவ்வொரு மரணத்தோடயும் ஒரு சாட்சி போகுது. எந்த இடத்தில, எத்தனை மணிக்கு, எந்த பஸ்ஸில ஏற்றினார்கள் என்று அந்த அம்மாவுக்கு மட்டும் தெரிந்த விசயம் அவவோடயே போகுது. அடுத்தது ஆர் என்ற கேள்வி அந்தக் கொட்டிலில விளையாட்டு இல்லை. அரசு பொறுமையாக ஆடுகிற ஒரே ஆட்டம் அதுதான். இழுத்தடித்தால் கேட்கிற ஆக்கள் முடிந்துபோவினம்.

இந்தச் சாட்சிகள் எல்லாரும் அங்கேதான் இருக்கினம் என்று நினைக்காதேங்கோ. டோர்செட் பார்க்கில கென்னடி வீதியை ஒட்டிய அடுக்குமாடிகளில, 2005இல் ரொறன்ரோ நகரம் 'முன்னுரிமைப் பகுதி' என்று அடையாளம் கண்ட 13 இடங்களில ஒன்றான இந்தச் சுற்றாடலிலயே இருக்கினம். 83ஐக் கண்டவர், 95 இடம்பெயர்வில நடந்தவர், 2009இல் வன்னியில இருந்தவர். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில இருந்து கூட்டி வருகிற அம்மம்மாவிடம் உயரதிகாரி ஒருவரின் பெயரும் ஒரு திகதியும் இருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை. அவர் இறந்தபிறகு மரண அறிவித்தலில பிறப்பிடமும் வதிவிடமும் போடுவம். இடையில நடந்தது அதில வராது.

ஆகவே இந்த வருசம் எங்கட குழு ஒரு மாற்றுப் பட்டியலைக் கேட்குது. ஆளுக்குப் பத்து வேண்டாம், ஒரு பெயர் போதும். உங்களுக்குத் தெரிந்த, கதைக்க விருப்பமான ஒரு மூத்தவர். போய் இருந்து, தேத்தண்ணி குடித்து, கேளுங்கோ.

சில விதிகள் இருக்கு. முதலில முழுச் சம்மதம், பாதியில நிறுத்தவும் அவருக்கு உரிமை. ஊரில உறவுகள் இருக்கினம், ஆகவே பதிவை எங்கேயும் பகிரக்கூடாது. உங்கட கைத்தொலைபேசியில மட்டும் வைத்திருக்கவும் கூடாது. பெயர், இடம், திகதி இந்த மூன்றையும் அவர் சொன்னபடியே குறியுங்கோ, நீங்கள் திருத்தவேண்டாம். அழுதால் கேள்வியை விட்டுவிட்டுப் பக்கத்தில இருங்கோ. மனித உரிமைகள் பேரவையின் 46/1 தீர்மானத்தின் கீழ் 2021இல் இருந்து ஐ.நா. அலுவலகம் ஒன்று இலங்கை தொடர்பான சான்றுகளைச் சேர்த்துக் காக்குது. அங்கே கொடுப்பதா, குடும்பத்துக்குள்ளயே வைத்திருப்பதா என்று முடிவெடுப்பது அந்த மூத்தவர்தான், நாங்கள் இல்லை.

பிரபலங்களின் பட்டியலை நீங்கள் வைத்திருக்கலாம், சிரிக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில இருக்கிறவர்களுக்கு வைத்தியரும் வக்கீலும் பாதுகாப்பும் இருக்கு, அவர்களுக்கு அவசரம் இல்லை. அவசரம் மற்றப் பட்டியலுக்குத்தான். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த ஒரு பெயரோட வாங்கோ.

— ஆசிரியர் குழுவுக்காக