வெள்ளம் விழுங்காத விதை

2 வாரம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தும் உயிர் பிழைக்கும் நெல் உண்டு, தோழர்களே! ஒடிசாவின் உழவர் வழிவழியாகக் காத்த அந்த நெல்லிலேதான் சப்1 என்னும் மரபணுவின் மர்மத்தை அறிஞர்கள் 2006-இல் அறிவித்தனர். 2009-இல் ஸ்வர்ணா சப்1 உழவர் கைக்கு வந்தது. பின்னர் நம் காவிரிப் படுகைக்கு சி.ஆர்.1009 சப்1 கிடைத்தது. மகிழ்கிறோம்!

ஆனால், ஒற்றைத் தூண் மாளிகையைத் தாங்குமா? சப்1 பயிரின் வளர்ச்சியை அடக்கி, சத்தைச் சேமிக்கும். திடீர் வெள்ளத்துக்கு அது கேடயம். மாதக்கணக்கில் தேங்கும் ஆழநீருக்கோ, நீரோடு போட்டியிட்டு உயரும் நெல் வேண்டும். அதன் மரபணு வேறு. நாட்டு நெல் ஒன்று அழிந்தால், நாளைய கேடயம் ஒன்று அழிகிறது!

விதை காத்தவன் ஏழை உழவன். அவன் வீட்டுக் குதிரிலே எஞ்சியிருக்கும் வகைகளைக் காப்பது அரசின் கடன். வட்டந்தோறும் விதைக் காப்பகம் எழட்டும்!