மூளை அதிர்வு: மைதானத்தில் விதி உண்டு, பணியிடத்தில்?

புணே: இங்கிலாந்துக்கு எதிராக 2025 ஜனவரி 31-ஆம் தேதி புணேயில் நடைபெற்ற டி20 ஆட்டத்தில், ஷிவம் துபேயின் ஹெல்மெட்டைப் பந்து தாக்கியது. சர்வதேச கிரிக்கெட்டில் 2019 முதல் அமலில் உள்ள விதிப்படி அவருக்குப் பதிலாகக் களமிறங்கிய ஹர்ஷித் ராணா, 3 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்த மாற்று பொருத்தமானதா என்பதே விவாதமானது.

இதே நகரில் இருசக்கர வாகன விபத்தில் மூளை அதிர்வுக்குள்ளாகும் ஊழியருக்கு இத்தகைய விதி ஏதுமில்லை. பெரும்பாலானோர் சில வாரங்களில் குணமடைகின்றனர். சிலருக்கோ தலைவலி, மறதி, தூக்கமின்மை, எரிச்சல் ஆகியவை மாதக்கணக்கில் நீடிக்கின்றன. சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே இருப்பதால், அவர்களது பாதிப்பை வீட்டிலும் அலுவலகத்திலும் எளிதில் நம்புவதில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் மூளைக்காயம் தனியாக இடம்பெறவில்லை. படிப்படியாகப் பணிக்குத் திரும்பும் வாய்ப்பே இவர்களின் உடனடித் தேவை.