பிரித்தவர் ஒருவர், தண்டம் கட்டுபவர் இன்னொருவர்

சேகரிப்புப் பொருள்களை இணையத்தில் விற்றுப் பிழைக்கும் சிறு வியாபாரிகளுக்கு ஓர் அநியாயம் நடக்கிறது. பெட்டியைப் பிரித்து, பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை 'ரிட்டர்ன்' போடுகிற வாடிக்கையாளருக்கு முழுப் பணமும் போய்ச் சேருகிறது. வியாபாரிக்குக் கிழிந்த அட்டையும், அதைத் திருப்பிக் கொண்டுவந்த கூரியருக்கான பிடித்தமும் மிஞ்சுகின்றன. இந்த நஷ்டத்தை அவர்களில் சிலர் ஈடுகட்டும் விதம் இதைவிட மோசம். பிரித்த பெட்டிக்கு மறுபடி பிளாஸ்டிக் உறை சுற்றி, புத்தம் புதியது என்று அடுத்தவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். இரண்டையும் கண்டிக்கிறோம். முதலாவதற்கு இணையச் சந்தைகள் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவதற்கு எந்தச் சாக்கும் செல்லாது.

வெளியாருக்கு இது அற்பமாகத் தோன்றலாம். பொம்மைக் காருக்கும் படம் போட்ட அட்டைக்கும் தலையங்கமா என்று கேட்பவர்கள், அந்தப் பொம்மைக் காரின் கணக்கைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

மேட்டல் நிறுவனம் 1968-இல் கொண்டுவந்த ஹாட் வீல்ஸ் கார்களில் சாதாரண ரகம் இன்றும் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும் விலையில்தான் கிடைக்கிறது. அதற்குள்ளேயே 'சூப்பர் ட்ரெஷர் ஹன்ட்' என்றொரு அபூர்வ ரகம் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் மாடல் அதேதான். பெயின்ட் மட்டும் கண்ணாடிபோல் மினுங்கும், பிளாஸ்டிக் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் டயர் இருக்கும், காரின் முதுகுக்குப் பின்னால் அட்டையில் தங்க நிறச் சுடர் முத்திரை ஒன்று பாதி மறைந்து கிடக்கும். சேகரிப்பாளர்களிடம் இதன் விலை சாதாரணக் காரைப்போல் பல மடங்கு. ஆனால் அந்த விலை காருக்கு மட்டும் கிடைப்பதில்லை. அட்டையின் மூலை மடங்காமல், மேலே ஒட்டிய பிளாஸ்டிக் குமிழ் பிரியாமல் இருந்தால்தான் கிடைக்கும்.

மோசடி நடக்கும் இடமும் அதுதான். குமிழின் கீழ்விளிம்பில் பிளேடை நுழைத்து அட்டையிலிருந்து மெல்ல விடுவிக்கிறார்கள். ரப்பர் டயர் கார் வெளியே வருகிறது, அதே மாடலின் சாதாரணக் கார் உள்ளே போகிறது, நூலிழை அளவு பசை தடவி மூடிவிடுகிறார்கள். அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பசை தடவிய ஓரம் மட்டும் தனியாகப் பளபளக்கும். பழகிய கண்ணுக்கு இது ஒரு நொடி வேலை. வீட்டு வாசலில் நின்று ரிட்டர்ன் பார்சலை வாங்கிப்போகும் கூரியர்ப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? காரின் பெயர் சரி, படம் சரி, அவர் ஸ்கேன் செய்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்.

அட்டைப் பாக்கெட்டுகளின் கதை இன்னும் நேரடியானது. போகிமான் அட்டைகள் 1996-இல் ஜப்பானில் பிறந்தவை. உள்ளே எந்த அட்டை இருக்கிறது என்று தெரியாமல் வாங்குவதுதான் பூஸ்டர் பாக்கெட்டின் வியாபாரமே. பிரித்துப் பார்த்து, அபூர்வ அட்டை வந்தால் வைத்துக்கொண்டு, வராவிட்டால் 'பொருளில் குறை' என்று திருப்புவதை என்னவென்று சொல்வது? லாட்டரிச் சீட்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, பரிசு விழவில்லை, காசைக் கொடு என்று கடைக்காரர் சட்டையைப் பிடிப்பதுதான் இது. (லாட்டரியைத் தமிழ்நாடு 2003-இலேயே தடை செய்துவிட்டது. அந்தப் புத்தியை யாரும் தடை செய்யவில்லை.)

இணையச் சந்தைகள் இதற்கு என்ன செய்கின்றன? சட்டைக்கும் செருப்புக்கும் எழுதிய ரிட்டர்ன் விதியையே இதற்கும் மாட்டிவிட்டிருக்கின்றன. சட்டையை உடுத்திப் பார்த்து, அளவு சேரவில்லை என்று மடித்து அனுப்பினால் அது சட்டையாகவே திரும்பி வரும். சீல் உடைந்த சேகரிப்புப் பொருள் அப்படி வருவதில்லை. காரணப் பட்டியலில் 'சேதம்' என்பதைத் தொட்டுவிட்டால் வாங்கியவருக்குக் கேள்வி குறைவு. பார்சல் கூரியர் கைக்கு மாறியதுமே பணம் திரும்பிவிடுவதும் உண்டு. வியாபாரியின் போராட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பேக்கிங் வீடியோ, ரிட்டர்னைப் பிரிக்கும் வீடியோ, ஆறு பக்கமும் எடுத்த படம் எல்லாம் கெடுவுக்குள் ஏற்றி 'கிளெய்ம்' போட வேண்டும். பதிலாக ஓர் அச்சடித்த வாக்கியம் வரும். யார் பார்த்தார், எதைப் பார்த்தார், ஏன் மறுத்தார் என்று அதில் இருக்காது.

முடியாது என்று சந்தைகள் சொல்லவும் முடியாது. விலை உயர்ந்த செல்போன் என்றால் வாசலிலேயே பெட்டியைத் திறந்து காட்டி ஒப்படைக்கத் தெரிகிறது. திரும்ப வாங்கும்போது ஐ.எம்.இ.ஐ. எண்ணை ஒத்துப் பார்க்கத் தெரிகிறது. தங்கள் பணம் போகும் இடத்தில் கண் நன்றாகவே தெரிகிறது, சிறு வியாபாரியின் பணம் போகும் இடத்தில் மட்டும் மங்கிவிடுகிறது.

பிரித்த பொருளையும் கேள்வியில்லாமல் திரும்ப வாங்கும்படி சட்டம் கேட்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் விற்பனையாளருக்கு ஒரு கடமையை வைக்கின்றன. பொருள் குறையுள்ளதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாததாகவோ இருந்தால், சொன்ன நாளுக்குப் பிந்தி வந்திருந்தால், திரும்பப் பெற மறுக்கக் கூடாது, பணத்தைத் தர மறுக்கக் கூடாது. நல்ல விதி. மனம் மாறிவிட்டது, உள்ளே எதிர்பார்த்தது இல்லை என்பவை அந்தப் பட்டியலில் இல்லை. அந்தச் சலுகை, சந்தைகள் தங்கள் வியாபாரத்தைப் பெருக்கத் தாங்களாகவே அறிவித்தது. தாராளம் காட்டிப் பெயர் வாங்குவது இவர்கள், செலவு வியாபாரி கணக்கில். அதே விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன. பதிப்புரிமை, வணிகச் சின்னச் சட்டங்களின் கீழ் நீக்கப்பட்ட சரக்கைத் திரும்பத் திரும்ப விற்க வருபவர்களைச் சந்தைகள் பதிவு செய்து வைத்திருக்க முயல வேண்டும். திரும்பத் திரும்பப் பொருளை மாற்றி அனுப்பும் வாடிக்கையாளரைப் பற்றி அப்படி ஒரு வரி கிடையாது.

சீனாவைப் பாருங்கள். லபுபு போன்ற பொம்மைகளை உள்ளே என்னவென்று தெரியாத பெட்டியில் விற்கும் மோகம் தலைவிரித்தாடும் நாடு. அங்கே சந்தை ஒழுங்குமுறை அமைப்பு 2023-இல் இந்தப் பெட்டிகளுக்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இணையத்தில் வாங்கிய பெட்டியைப் பிரித்துவிட்டால் காரணம் சொல்லாமல் ஏழு நாளில் திருப்பும் உரிமை பொருந்தாமல் போகலாம். ஆனால் அதை வாங்குபவரிடம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி, அவர் தனியாக ஒப்புதல் தந்திருக்க வேண்டும். தானாக 'டிக்' விழுந்திருக்கும் கட்டம் ஒப்புதலாகாது. ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போனது. 14 நாளில் திருப்பலாம், ஆனால் பொருளின் தன்மையை அறியத் தேவையானதற்கு மேல் கையாண்டு மதிப்பைக் குறைத்திருந்தால் அந்தக் குறைவை வாங்கியவரே ஏற்க வேண்டும். வாங்குபவரின் உரிமையைப் பறிக்காமலே விற்பவரைக் காக்க இப்படி வழிகள் இருக்கின்றன.

இனி வியாபாரிகளுக்கு. உங்களுக்கு நேர்ந்த அநீதியைச் சொன்னோம். அதற்காகக் கையில் ஹீட் கன் எடுத்தவர்களை விட்டுவிட முடியாது. பிரிக்கப்பட்டுத் திரும்பி வந்த பெட்டிக்குச் சூடு காட்டி உறை சுருக்கி, அதே விலைக்குச் 'சீல்டு' என்று விற்பது, பழைய பொருளைப் புதியதென்று பொய்யாகக் காட்டுவது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்று பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. ஏமாற்றியவர் ஒரு வாடிக்கையாளர், பழி தீர்ப்பது அவரைப் பார்த்தேயிராத இன்னொருவரிடம். அவர் பிறந்தநாள் பரிசுக்குக் காசு சேர்த்த பள்ளிப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

சீல் வைத்த பெட்டியும் பொய் சொல்லும் என்பதற்கு உலகம் பார்த்த சாட்சி உண்டு. அமெரிக்க யூடியூபர் லோகன் பால் போகிமான் முதல் பதிப்புப் பெட்டிகள் என்று நம்பி 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய பெட்டியை 2022 ஜனவரியில் திறந்தபோது உள்ளே ஜி.ஐ. ஜோ அட்டைகள். வல்லுநர்கள் சான்று தந்த பெட்டி அது. திறந்த பிறகுதான் உண்மை உறுதியானது. ஆகவே 'பிரித்தால் ரிட்டர்ன் இல்லை' என்று பட்டவர்த்தனமாகப் போர்டு மாட்டுவதும் தீர்வாகாது. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லின் அடியில் அச்சடிக்கும் பழைய கடைத்தெருப் பழக்கம், குறையுள்ள பொருள் விஷயத்தில் சட்டத்தின் முன் நிற்காது. இணையத்திலும் நிற்காது.

இணையச் சந்தைகள் உடனே சேகரிப்புப் பொருளுக்குத் தனி ரிட்டர்ன் விதி எழுத வேண்டும். பிரிக்காத பெட்டியைத் திருப்பலாம். பிரித்தது என்றால் குறை, போலி, மாற்றுப் பொருள் என்ற காரணங்களுக்கு மட்டும், வாங்குபவரின் படமோ வீடியோவோ சேர்ந்தால் மட்டும். இந்த நிபந்தனை ஆர்டர் போடும் பக்கத்திலேயே, வாங்குபவர் தன் விரலால் தொட்டு ஒப்புக்கொள்ளும்படி இருக்க வேண்டும். வியாபாரி அனுப்பும்போது எடுத்த படம் பிக்அப் செய்பவரின் செல்போனில் தெரிய வேண்டும். பசை ஓரத்தை அவர் காணாவிட்டாலும் ரப்பர் டயருக்கும் பிளாஸ்டிக் சக்கரத்துக்கும் வித்தியாசம் காண்பார். வியாபாரி பார்த்துச் சொல்ல இரண்டு மூன்று நாள் கெடு வைத்து, அதன் பிறகே பணம் திரும்பட்டும். கெடுவைத் தவறவிட்டால் நஷ்டம் வியாபாரியுடையதாகட்டும். கிளெய்மை மறுத்தால் ஒரு மனிதர் படித்து, காரணம் எழுதி மறுக்க வேண்டும்.

நுகர்வோர் விவகாரத் துறைக்கும் வேலை இருக்கிறது. பெட்டியின் சீலிலேயே மதிப்பு இருக்கும் பொருள்களை மின்வணிக விதிகளில் தனியாகச் சேர்க்க வேண்டும். வாங்குபவர் கெடுத்த மதிப்பை யார் சுமப்பது என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். அடுத்த தீபாவளி விற்பனைத் திருவிழாவுக்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

வியாபாரிகள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. திரும்பி வந்த பெட்டியின் மேல் 'பிரிக்கப்பட்டது' என்று எழுத விதித் திருத்தம் எதுவும் தேவையில்லை, ஒரு மார்க்கர் பேனா போதும். விலையைக் குறைத்து, உள்ளதைச் சொல்லி விற்க வேண்டும். ஹீட் கன்னை இன்றே மின்சாரத்திலிருந்து பிடுங்கி வைக்க வேண்டும்.