முட்செடியின் நிழல்

அண்மையில் வந்த ஓர் இதழ் மலையகக் கிறிஸ்தவர்கள்மீது குற்றப்பத்திரிகை வாசித்திருக்கிறது. 2024 செப்டம்பர் 21ஆம் திகதி நாடே ஒரு தலைவனின் பின்னால் எழுந்து நின்றதாம்; பதுளைப் பக்கத்துச் சபைகள் மட்டும் பிரசங்க மேடையில் அவர் பெயரைச் சொல்லாமல் இருந்துவிட்டனவாம். அது கோழைத்தனம், துரைமார் காலத்து விசுவாசத்தின் மிச்சம் என்பது கட்டுரையின் முடிவு. எழுதியவரின் கோபம் உண்மையானது. முடிவு பிழையானது.

முதலில் கணக்கு. அன்றைய ஜனாதிபதித் தேர்தலில் அனுர குமார திசாநாயக்க பெற்றது 42.31 சதவீதம். இரண்டாம் விருப்பு வாக்குகளையும் எண்ணிய பிறகே அவர் ஜனாதிபதியானார். பதுளையும் நுவரெலியாவும் முதலிடம் கொடுத்தது சஜித் பிரேமதாசவுக்கு. ஆக, நாடே எழுந்து நின்றது என்பது மேடைப் பேச்சுக்கு ஆகும், வரலாற்றுக்கு ஆகாது.

அந்த இதழ் இகழும் மனிதரை பசறை, ஹாலிஎல, லுணுகலைப் பக்கம் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். வெள்ளை வேட்டி, கறுப்பு அட்டை வேதாகமம், சபையில் மூப்பர் பொறுப்பு. புள்ளடி போட்டுவிட்டு வருவார். யாருக்கென்று வீட்டிலும் சொல்லமாட்டார். ஞாயிறுதோறும் ஆளுகிறவருக்காக ஜெபிப்பார். ஆளுவோருக்காக மன்றாடும்படி தீமோத்தேயுவுக்கு எழுதிய பவுல், ரோம அரசன் யாரென்று பார்த்து அந்த வரியை மாற்றவில்லை. நாற்காலியில் யார் இருந்தாலும் ஜெபம் அவருக்குப் போய்ச் சேரும், தான் வாக்களிக்காதவராக இருந்தாலும். ஆதரவு அறிக்கைக்கு அந்த விரிவு கிடையாது. அது ஒருவரை உயர்த்தும்போதே, பக்கத்து வாங்கில் இருக்கும் மற்றவனைச் சபைக்கு வெளியே தள்ளுகிறது. மூப்பருக்கு இது தெரியும். கட்டுரையாளருக்குத் தெரியவில்லை.

கரிஸ்மா என்ற சொல்லை அக்கட்டுரை பதினொரு இடங்களில் பயன்படுத்துகிறது, ஒவ்வொரு தடவையும் புகழுரையாக. மாக்ஸ் வேபர் அச்சொல்லை எடுத்தது ருடோல்ஃப் ஸோம் என்ற திருச்சபைச் சட்ட வரலாற்றாசிரியரிடமிருந்து. ஸோம் எடுத்தது பவுலிடமிருந்து. தமிழ் வேதாகமத்தில் அது 'வரம்'. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரம் முழுக்க ஒரே வாதம்தான்: வரம் தனி ஆளின் சொத்தல்ல, முழு உடலின் பயனுக்குக் கொடுக்கப்பட்டது. அப்படிப்பட்ட சொல்லை ஒரு வேட்பாளரின் குரல்வளத்துக்கும் மேடை நடைக்கும் சூட்டுவதை ஒரு பழைமைக் கிறிஸ்தவர் ஏற்கமாட்டார். வேபரை வாசித்தவர்கள்தான் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்.

சவுலின் கதை மூப்பருக்கு மனப்பாடம். ஜனத்தில் எல்லோரையும்விடத் தோளுக்கு மேல் உயர்ந்த அழகன். ஜனம் கேட்டது அவனைப் போன்ற ஒருவனைத்தான். அதற்கு முன்பே, ராஜா எதையெல்லாம் எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் பட்டியல் போட்டுச் சொல்லியிருந்தார். யோதாமின் உவமையும் அப்படியே. ஒலிவமும் அத்தியும் திராட்சையும் மறுத்த ஆட்சியை முட்செடி ஏற்றுக்கொள்கிறது, என் நிழலுக்கு வாருங்கள் என்கிறது. தேயிலைக்கு நடுவே நிழல் மரம் நட்டு வளர்த்தவர்களுக்கு முட்செடியின் நிழல் எவ்வளவு என்று விளக்க வேண்டியதில்லை. இந்த உவமை இன்றைய ஜனாதிபதிக்கு எதிராகச் சொல்லப்படுவதல்ல. 2019இலும் இது பொருந்தியது. உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்கு ஏழு மாதங்களுக்குள், பயந்துபோன நாடு ஒரு பலசாலியைத் தேடி கோட்டாபயவுக்கு 52.25 சதவீதம் கொடுத்தது. 2022 ஜூலையில் அவர் நாட்டைவிட்டு ஓடினார். அவர் பெயருக்கு ஆமென் சொன்னவர்கள் அந்த ஆமெனை எங்கே திருப்பிக் கொடுப்பது?

தோட்டத்தில் ஆதரவு அறிக்கைக்குத் தனி வரலாறு உண்டு. தொழிலாளர்கள் கங்காணி காட்டிய தோட்டத்துக்குப் போனார்கள். பிறகு சங்கம் காட்டிய சின்னத்துக்குப் புள்ளடி போட்டார்கள். 1948இல் பிரஜாவுரிமையும் அடுத்த ஆண்டில் வாக்கும் பறிபோயின. 1988, 2003 சட்டங்களுக்குப் பிறகே அவை முழுதாகத் திரும்பின. திரும்பிய வாக்கையும் தலைவர்கள் மொத்தமாகப் பேசி முடித்தார்கள். 2015இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மகிந்த ராஜபக்ஷ பக்கம் நின்றது. நுவரெலியா மைத்திரிபால சிறிசேனவுக்குப் போனது, பதுளையும் சில நூறு வாக்குகளால் அவர் பக்கமே சாய்ந்தது. 2019இல் காங்கிரஸ் கோட்டாபய பக்கம் நின்றும் நுவரெலியா கேட்கவில்லை. 2024இல் அது ரணிலைச் சொன்னது, இரு மாவட்டங்களும் சஜித்தைச் சொன்னன. எட்டு வாரம் கழித்து நாடாளுமன்றத் தேர்தலில் அதே பதுளை தேசிய மக்கள் சக்திக்குத் திரும்பி, அம்பிகா சாமுவேலையும் கிட்ணன் செல்வராஜையும் அனுப்பிவைத்தது. லயத்து ஜனம் தரகரைக் கடந்து வந்துவிட்டது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோ கழிக்கப்படுவதைப் பார்த்தே வளர்ந்த பெண்ணுக்கு, கழிவில்லாமல் கையில் கிடைத்தது இந்த வாக்கு ஒன்றுதான். இப்போது போதகரைப் புதிய கங்காணியாக நிறுத்தச் சொல்கிறது அந்த இதழ்.

சட்டமும் உண்டு. தேர்தல் காலத்தில் சமய ஒன்றுகூடலில் வாக்கைத் திருப்பும் நோக்கத்தோடு பேசுவது இந்த நாட்டில் தகாத செல்வாக்கு என்ற குற்றம். அமெரிக்காவில் வேட்பாளரை ஆதரிக்க 1954இலிருந்து சபைகளுக்கு இருந்த தடையைத் தளர்த்த, 2025 ஜூலையில் அங்குள்ள வரித் திணைக்களமே நீதிமன்றத்தில் இணங்கியது. அங்கே பெரும்பான்மை மேடை கிறிஸ்தவருடையது. இங்கே அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்புரை எந்த மதத்துக்கு முதலிடம் தருகிறது என்று தெரிந்தவர், மேடைகளைத் திறந்துவிடச் சொல்வாரா? 1956இல் பிக்குகள் முன்னணி கட்டி பண்டாரநாயக்கவை அரியணை ஏற்றினார்கள். 1959 செப்டம்பரில் ஒரு பிக்குவே அவரைச் சுட்டான். சிறுபான்மைக்குள் சிறுபான்மையான தோட்டத்துச் சபைக்கு அந்தச் சட்டம் கூரை.

இப்படிச் சொல்வதால் ஒதுங்கியிருப்பதே பக்தி என்று ஆகாது. ஆயர் லியோ நாணயக்காரவை நினைக்காமல் பதுளையில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது, கண்டியின் பெரிய ஆசனத்தை விட்டு இந்தச் சிறிய ஏழை மறைமாவட்டத்துக்கு அவர் வந்தார். பண்டாரவளையில் சேவக செவண என்ற குருமடத்தைத் தொடங்கி, குருவாக வருகிறவன் ஏழைகளிடமிருந்து கற்கட்டும் என்றார். அதே காலத்தில் கண்டியில் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் சத்யோதய என்ற நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தார். எழுபதுகளில் அந்த இரண்டு பெயர்களும் எத்தனை இளைஞர்களை லயங்களுக்குள் நடக்க வைத்தன! 1982இல் ஆயர் இறந்தார். அவர்கள் விட்டுப்போன வேலையில் பாதிகூட முடியவில்லை. லயங்கள் அப்படியே இருக்கின்றன. காணி இன்னும் கம்பெனியின் கையில் இருக்கிறது.

மூப்பரோடு சண்டை போட வேண்டிய இடம் இதுதான். பெயர் சொல்ல மறுத்தது சரி. கூலியைச் சொல்ல மறுப்பது? 2024 மே தினத்தில் நாட்கூலி 1,700 ரூபா என்று அறிவித்தார்கள். தேர்தலுக்குச் சில நாள் முன்பு அது 1,350 ரூபாவாகவும் ஊக்கத்தொகையாகவும் உடைந்தது. 2026 வரவுசெலவுத் திட்டம் 1,550 ரூபாவோடு, வேலைக்கு வரும் நாளுக்கு அரசின் 200 ரூபாவைச் சேர்த்து 1,750 என்றது. இதை எந்த மேடை பேசியது? வயலை அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதாக யாக்கோபு எழுதியது, எழுத்தெழுத்தாய் வேதத்தை நம்புகிற சபையில் ஆண்டுக்கு எத்தனை தடவை வாசிக்கப்படுகிறது?

ஊவா மாகாண சபைக்கு 2014 செப்டம்பர் 20க்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. அது அறிவிக்கப்படும் நாளில் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் ஆலய வாசலுக்கு வேட்பாளர்கள் வருவார்கள். மூப்பர் அவர்களை வரவேற்று முன்வாங்கில் உட்காரவைக்கட்டும். மைக்கைக் கொடுக்க வேண்டாம். ஆராதனை முடியும்வரை அவர்கள் அங்கேயே இருக்கட்டும்; அன்றைய வாசிப்பு யாக்கோபு ஐந்தாம் அதிகாரமாக இருக்கட்டும்.