புல்லுக்கு வாழிடம் எழுதுவது எப்படி?

பரத்பூர் என்றதும் நம் பேச்சு பறவைகளுக்குப் போய்விடுகிறது. ஆனால் கேவலாதேவ் தேசியப் பூங்காவின் அண்மைக்கால வரலாற்றைத் திருப்பிப்போட்டதில் ஒரு புல்லுக்குப் பெரும்பங்கு உண்டு: பாஸ்பலம் டிஸ்டிக்கம்.

இதை இனங்காண்பது பெரிய வித்தையன்று. பல்லாண்டு வாழும் புல். சேற்றிலும் நீர்ப்பரப்பின் மீதும் ஓடுதண்டுகளைப் பரப்பிக் கணுதோறும் வேர்விடும். தொலைவிலிருந்து அருகம்புல் போலத் தோன்றலாம். கதிரைக் கண்டால் ஐயம் தீரும். அருகில் மூன்று முதல் ஆறு கதிர்கள் விரல்களைப் போல விரியும். இதில் பெரும்பாலும் இரண்டே, கவட்டையாகப் பிரிந்து நிற்கும். உண்மையான சிக்கல் இதன் நெருங்கிய உறவான பாஸ்பலம் வஜைனேட்டத்தோடுதான். அதற்கும் இரட்டைக் கதிரே. சிறுகதிரின் மேலுமியில் மென்மயிர் உண்டா என உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும்: டிஸ்டிக்கத்தில் இருக்கும், மற்றதில் இராது. வஜைனேட்டம் கடலோர உவர்நிலத்தை நாடுவது. டிஸ்டிக்கம் பெரிதும் நன்னீர்க்குரியது. ஆகவே பறித்த இடமே பாதிச் சான்று. (பழைய நூல்களில் இது பாஸ்பலம் பாஸ்பலோடெஸ் என்றும் வரும், தேடும் மாணவர்கள் இரு பெயரையும் தேடுக.)

அந்த 'இடம்' என்பதை நாம் எப்படிப் பதிவு செய்கிறோம் என்பதே என் கேள்வி. உலர்தாவரத் தாள்களில் பெரும்பாலும் 'நீர்நிலை ஓரம்', 'சதுப்பு' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிகிறது. பயன்படும் சூழலை விட்டுவிட்டு ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதினால் மொழியியலில் எவரும் ஏற்கமாட்டார்கள். புல்லுக்கு மட்டும் ஏன் ஏற்கிறோம்?

1982இல் கேவலாதேவில் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. எதிர்த்த கிராமத்தினர்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் உயிர்கள் பறிபோயின. தடைக்குப் பின் எருமைகள் இறங்காத நீரில் இந்தப் புல் அடர்ந்து பரவித் திறந்த நீர்ப்பரப்பை மூடியது; மீன்களும் நீர்ப்பறவைகளும் பாதிக்கப்பட்டன. இதை விரிவாகப் பதிவு செய்தது பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் நீண்டகால ஆய்வு. தடையை ஆதரித்தவர்களுள் அச்சங்கத்தின் அறிஞர்களும் இருந்தனர் என்பதால் அம்முடிவின் நேர்மையை நான் மதிக்கிறேன். எனினும் அது இறந்தவர்களுக்குப் பின்னரே வந்தது.

எல்லா ஈரநிலத்திலும் மாடுகளை அவிழ்த்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எத்தனை மாடு, எந்த மாதம், நீர் எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்து விளைவு மாறும். சைபீரியக் கொக்கு இந்தியாவுக்கு வராமற்போனதையும் இப்புல்லின் தலையில் கட்ட முடியாது. வழிநெடுக அவை வேட்டையாடப்பட்டன. ஆயினும் பரத்பூரில் இப்புல்லின் வாழிடம் என்பது சேறும் நீரும் மட்டுமன்று, எருமையின் வாயும் சேர்ந்ததே. அந்த வாயை அகற்றியபோது வாழிடமே வேறாயிற்று. 'மனிதக் குறுக்கீடு' என்ற நம் வழக்கமான சொல்லில் இந்த உறவுக்கு இடமில்லை.

அடுத்த முறை களத்தில் ஈரநிலப் புல்லைப் பறிப்போர் தாளில் கூடுதலாக மூன்று வரி எழுதலாம்: நீரின் ஆழம், ஆண்டில் எத்தனை மாதம் நீர் நிற்கும், அங்கே மேய்வது எது, அறுப்பது யார். மூன்றாவது வரிக்கு ஊராரிடம் கேட்டாக வேண்டும்.