ஒருநாள் விருந்தாளிக்கும் பொறுப்பு உண்டு

அழகான கடற்கரைக்குப் போயும் நீந்த முடியாமல் திரும்பிய அனுபவம் உங்களுக்கு உண்டா? கடந்த டிசம்பர் விடுமுறையில் எனக்கு அது நேர்ந்தது. அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்று அந்தத் தடையை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன்.

குடும்பத்துடன் சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பலில் புறப்பட்டோம். கப்பல் தாய்லாந்தின் புக்கெட் தீவில் ஒரு பகல் மட்டும் நின்றது. பாத்தோங் கடற்கரைக்குச் சற்றுத் தொலைவில் நங்கூரமிட, சிறு படகுகளில் கரை சேர்ந்தோம். மாலைக்குள் திரும்பிவிட வேண்டும், தாமதித்தால் கப்பல் காத்திருக்காது. அந்தச் சில மணி நேரத்துக்குள் விரைவுப் படகில் பீ பீ தீவுகளுக்குச் சென்று, ஸ்நோர்கெலிங் செய்து, புகழ்பெற்ற மாயா விரிகுடாவையும் பார்த்துவிடுவது எங்கள் திட்டம்.

லியனார்டோ டிகாப்ரியோ நடித்து 2000ல் வெளிவந்த ‘தி பீச்’ திரைப்படம் மாயா விரிகுடாவில்தான் படமாக்கப்பட்டது. அதன் பிறகு கூட்டம் பெருகியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 பேர் அந்தச் சிறிய கடற்கரைக்கு வந்தனர். படகுகளும் நங்கூரங்களும் மனிதக் கால்களும் சேர்ந்து பவளப்பாறைகளைச் சிதைத்தன. 2018 ஜூன் மாதம் தாய்லாந்து அந்த இடத்தை மூடியது. சில மாதங்களுக்கு என்று சொல்லி மூடப்பட்ட விரிகுடா, 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழையக்கூடாது. தீவின் பின்புறத்தில் இறங்கி நடந்து செல்ல வேண்டும். ஆழமில்லாத ஓரத்தில் கால் நனைக்கலாம், நீந்த முடியாது.

“இவ்வளவு காசு கட்டி வந்தது கால் நனைக்கவாக்கா?” என்று தம்பி முணுமுணுத்தான். அப்பாவும் தலையாட்டினார். எனக்கும் அதே எண்ணம்தான். சற்று நேரத்தில் தம்பியே என் கையைப் பிடித்து இழுத்தான். கரையிலிருந்து சில அடி தூரத்தில், கறுப்பு முனைத் துடுப்புகளுடன் இரண்டு சுறாக் குட்டிகள் நீந்திக்கொண்டிருந்தன. கூட்டம் அலைமோதிய காலத்தில் இவற்றை இங்கே பார்ப்பது அரிது என்றார் வழிகாட்டி. தம்பி அதன்பின் முணுமுணுக்கவில்லை.

அடுத்து ஸ்நோர்கெலிங் செய்ய அனுமதியுள்ள வேறோர் இடத்தில் படகு நின்றது. “நாற்பது நிமிடம்” என்றார்கள். அருகில் ஏழெட்டுப் படகுகள் நின்றன. யாரோ மீன்களுக்கு ரொட்டித் துண்டுகளை வீசினார்கள். அவசரத்தில் எங்களுக்குப் பாதுகாப்பு அங்கியை எப்படி அணிவது என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லித் தரப்படவில்லை.

என் முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. பதறிப்போய் காலுக்கு அகப்பட்டதன்மீது ஏறி நின்றேன். மூச்சு சீரான பிறகு குனிந்து பார்த்தேன். நான் நின்றது பவளத்தின்மீது.

பவளம் கல் அல்ல, உயிருள்ள சின்னஞ்சிறு விலங்குகளின் கூட்டம். தடித்து உருண்டு வளரும் வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரக்கூடும். என் சில விநாடிப் பதற்றம் எத்தனை ஆண்டு வளர்ச்சியை நசுக்கியதோ! அன்றிரவு கப்பலில் தேடிப் படித்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. பவளத்துக்குக் கேடு விளைவிக்கும் ஆக்ஸிபென்சோன் உள்ளிட்ட நான்கு வேதிப்பொருள்கள் கொண்ட சன்ஸ்கிரீன்களைக் கடல்சார் தேசியப் பூங்காக்களில் பயன்படுத்த 2021லேயே தாய்லாந்து தடை விதித்துவிட்டது. மீறினால் 100,000 பாட் வரை அபராதம். என் பையில் இருந்த புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முதல் வரிசையிலேயே அந்தப் பெயர் இருந்தது.

ஒரே நாளில் இரண்டு கடல்களைப் பார்த்தேன். தடை இருந்த இடத்தில் சுறாக்கள் திரும்பியிருந்தன. தடை இல்லாத இடத்தில் என்னைப் போன்றவர்கள் பவளத்தின்மீது நின்றுகொண்டிருந்தோம்.

தடை விதித்தால் படகோட்டிகளின் பிழைப்பு என்னாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பார்க்க வருவோருக்கு ஒன்றுமே மிச்சமில்லாமல் போனால் அந்தப் பிழைப்பு அடியோடு போய்விடும். ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மாயா விரிகுடாவை மூடி ஓய்வு கொடுப்பதும் அதனால்தான். கடல் சூடேறுவதால் உலகெங்கும் பவளப்பாறைகள் வெளுத்து வரும் காலம் இது. அந்த வெப்பத்தை ஒரு சுற்றுப்பயணியால் தணிக்க முடியாது. ஏற்கெனவே நலிந்திருப்பதை மிதிக்காமல் இருக்க முடியும்.

பயணம் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போவதற்கு முன் நீச்சல் குளத்தில் முகக் கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் அணிந்து பழகுங்கள். பதற்றம் குறைந்தால் கால் தரை தேடாது. சன்ஸ்கிரீனுக்குப் பதிலாக நீண்ட கை நீச்சல் உடை அணியலாம். மீன்களுக்கு ரொட்டி போடாதீர்கள். நான்கு இடங்களை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட ஓர் இடத்தில் நிதானமாக இருங்கள்.

இன்னொன்று. உலகிலுள்ள கடினப் பவள இனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 250 இனங்கள், சிங்கப்பூர்க் கடலில் உள்ளன. நம் முதல் கடல்சார் பூங்காவான சிஸ்டர்ஸ் தீவுகளுக்குப் படகு புறப்படுவது மரினா சவுத் பியரில். எங்கள் உல்லாசக் கப்பலுக்குச் செல்ல நாங்கள் இறங்கியதும் அதே எம்ஆர்டி நிலையத்தில்தான். அன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு அந்தப் படகுத்துறையைக் கடந்து போனோம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த விடுமுறையில் தம்பியை அங்கே அழைத்துப்போகப் போகிறேன். இம்முறை முதலில் குளத்தில் பயிற்சி.